வலிக்கு ஆக்சிஜன்

சித்தியின் மணிக்கட்டு எலும்பு ஒழுங்காகத்தான் கூடியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, முறிந்த எலும்பு. மாவுக்கட்டைப் பிரித்த அன்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "நல்லா செட் ஆயிருக்கும்மா, இனி மெதுவா ஆட்டிப் பழகுங்க" என்றார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நிஜமான தொந்தரவு அதற்கப்புறம்தான் தொடங்கியது.

விரல்கள் வீங்கிப் பளபளத்தன. புறங்கை ஒரு வேளை சிவந்து கொதிக்கும். இன்னொரு வேளை நீலம் பாரித்துச் சில்லென்று இருக்கும். முந்தானை பட்டால்கூட "நெருப்பு பட்ட மாதிரி இருக்குடா" என்பார். மின்விசிறிக் காற்று நேரே படுகிறதென்று கட்டிலை அறையின் மூலைக்கு நகர்த்திப் போட்டோம். எலும்பு கூடிவிட்டது, அப்புறம் ஏன் வலிக்கிறது என்று கேட்டவர்கள் நிறைய. "வயசாச்சு, பயந்துக்கிட்டு கையை ஆட்டவே மாட்டேங்கிறாங்க" என்று அவர் முன்னாலேயே சொன்னவர்களும் உண்டு. அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டதே எங்களுக்குப் பாதி ஆறுதல். சி.ஆர்.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கையிலோ காலிலோ அடிபட்ட பிறகு, பட்ட அடிக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் வலியும் வீக்கமும் நிறமாற்றமும் சேர்ந்து நிலைத்துவிடுகிற நோய். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல், 1864-லேயே இந்த எரிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறார். காயம் ஆறிய பிறகும் அவர்கள் கையை எந்நேரமும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்களாம். உரசல் தாங்காமல் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 1900-இல் ஹாம்பர்க்கில் பால் சூடெக் என்ற அறுவை மருத்துவர், இப்படிப்பட்ட கைகளின் எலும்புகள் எக்ஸ்ரேயில் அடர்த்தி குறைந்து தெரிவதைக் காட்டினார். சித்தியிடம் அந்தச் சிப்பாய்களின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எனக்கு மட்டும் வர்றது இல்ல" என்றார்.

வலி மாத்திரை, நரம்பு வலிக்கான மாத்திரை, பிசியோதெரபி, கண்ணாடி முன் கையை வைத்துச் செய்யும் பயிற்சி எல்லாம் நடந்தன. கை பாதி திறந்தது. அதற்கு மேல் நகரவில்லை. அந்தக் கட்டத்தில்தான் உறவினர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒருவர் படுத்திருக்கிறார். தீராத வலி, மூட்டு வலி, தலைவலி, களைப்பு, முதுமை எல்லாவற்றுக்கும் உயர் அழுத்த அறைக்குள் கொடுக்கும் ஆக்சிஜன் சிகிச்சை என்று பின்னணிக் குரல் சொல்கிறது. இவ்வளவு நீளமான பட்டியலைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் சித்தியின் கையைத் தினமும் பார்க்கிறவன், சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ள முடியுமா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். நாள்பட்ட வலியோடு இருக்கிற யாராவது, அல்லது அவர்களுக்காக அலைகிற யாராவது இதைத் தேடி வருவீர்கள் என்று தெரியும்.

முதலில், அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

சாதாரணமாக நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஏறிப் போகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறத்தாழ நிரம்பித்தான் இருக்கிறது. இன்னும் ஆக்சிஜன் கொடுத்தால் ஏற்றிக்கொள்ள அதில் இடமில்லை. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆக்சிஜனை நேரடியாகக் கரைக்கலாம். அதற்குத்தான் அழுத்தம் வேண்டும். கோலி சோடாவில் காற்று கரைந்து நிற்பதும் இதே விதிப்படிதான்: அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு கூடுதலாகக் கரையும், திறந்துவிட்டால் குமிழியாக வெளியேறும். சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 மில்லி. வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லியாகிறது. ஓய்வில் இருக்கிற உடம்பு, 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்படியென்றால் சிவப்பணுவே இல்லாமல் உயிர் வாழ முடியுமா? ஆம்ஸ்டர்டாமில் இட்டே பூரெமா என்ற அறுவை மருத்துவர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். பன்றிகளின் ரத்தத்தை எடுத்துவிட்டு, சிவப்பணு இல்லாத திரவத்தை ஏற்றி, உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார். 1960-இல் அது வெளியானது. இந்த மருத்துவத்துக்கு மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான். கடலடியில் மூழ்கி வேகமாக மேலே வந்தவர்களுக்கு வரும் குமிழி நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, தசையை அழுகவைக்கும் கிருமித்தொற்று, ஆறாத சர்க்கரைப் புண், புற்றுநோய்க் கதிர்வீச்சு விட்டுச்சென்ற திசுச் சேதம் என்று இதற்கு இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பயன்பாடுகள் இருக்கின்றன. இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் நாள்பட்ட வலி என்பது தனி நோயாக இடம்பெறவில்லை. வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஆனால் பட்டியலில் இல்லை என்பதற்காகப் பொய் என்றும் ஆகிவிடாது. துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2004-இல் வெளியானது. அதில் இருந்தவர்கள் 71 பேர். அத்தனை பேருக்கும் அடிபட்ட பிறகு மணிக்கட்டில் சி.ஆர்.பி.எஸ். அப்படியே என் சித்தி. 37 பேருக்கு 2.4 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன். 34 பேருக்கு அதே அறையில் சாதாரணக் காற்று. 90 நிமிடம் வீதம் 15 அமர்வுகள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அளந்து பார்த்தவருக்கும் தெரியாது. ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு வலியும் வீக்கமும் கூடுதலாகக் குறைந்தன, மணிக்கட்டின் அசைவும் கூடியது. சிகிச்சை முடிந்ததும் ஒரு முறை அளந்தார்கள், 45-ஆம் நாளில் இன்னொரு முறையும் அளந்தார்கள். வீக்கத்தை டேப் வைத்து அளந்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. வலியை நோயாளி சொல்லித்தான் எழுத வேண்டும். மணிக்கட்டின் சுற்றளவுக்கு அது தேவையில்லை.

ஏன் வேலை செய்யலாம் என்பதற்கும் காரணம் சொல்ல முடிகிறது. சி.ஆர்.பி.எஸ். வந்த கையில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் ஓட்டம் சீர்கெட்டுப்போகிறது. வீக்கம் அவற்றை மேலும் நெருக்குகிறது. திசு ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது, அந்தத் தவிப்பு நரம்புகளை இன்னும் தூண்டுகிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் ரத்தக்குழாய்களைக் கொஞ்சம் சுருக்கிக் கசிவைக் குறைக்கிறது. சுருங்கினாலும், ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் அதிகம் என்பதால் திசு பட்டினி கிடப்பதில்லை. இது தவிர, அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் குவாக் குழுவினர் சுண்டெலிகளில் செய்த சோதனைகள் இன்னொரு வழியைக் காட்டின. அழுத்த ஆக்சிஜன் கொடுத்த சுண்டெலிகளுக்கு வலி குறைந்தது. அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்த நிவாரணமும் மங்கியது. உடம்புக்குள்ளேயே சுரக்கும் வலிநிவாரணிகளை இந்தச் சிகிச்சை எழுப்பிவிடுகிறது என்பது அவர்கள் கணிப்பு.

சித்தியைக் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தோம். வலி மருத்துவர், "உறுதி சொல்ல மாட்டேன், ஆனா நியாயமான முயற்சி. பிசியோவை நிறுத்தக் கூடாது, அது ஒண்ணுதான் என் நிபந்தனை" என்றார். இப்படிப் பேசுகிற மருத்துவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டு வகை அறைகள் உண்டு. ஒன்று, ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடிக் குழாய். அதற்குள் முழுக்க ஆக்சிஜனே நிரம்பியிருக்கும். இன்னொன்று, பலர் உட்காரும் இரும்பு அறை. உள்ளே சாதாரணக் காற்றில் அழுத்தத்தை ஏற்றி, ஆளாளுக்கு மாஸ்க் வழியே ஆக்சிஜன் கொடுப்பார்கள். நாங்கள் போனது இரண்டாவது வகை. முதல் நாள் துணைக்கு ஒருவர் உள்ளே உட்காரலாம் என்றார்கள். எனக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்து, காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

உள்ளே போவதற்கு முன் நர்ஸ் வைத்திருந்த பட்டியல் நீளமானது. தலையில் எண்ணெய் கூடாது. பவுடர், சென்ட், உதட்டுக்குப் போடும் களிம்பு எதுவும் கூடாது. பாலியஸ்டர் புடவை கூடாது; அவர்கள் தரும் காட்டன் உடைதான். கைக்கடிகாரம், செல்போன், காது கேட்கும் கருவி, சேஃப்டி பின் எல்லாம் வெளியே. தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தே பழகிய சித்திக்கு, சீயக்காய் போட்டு அலசிய வறண்ட தலையோடு வெளியே போவதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. "எதுக்குடா இவ்வளவு கெடுபிடி" என்றார். நர்ஸ் பொறுமையாகச் சொன்னார்: "ஆக்சிஜன் ஜாஸ்தி இருக்கிற இடம்மா. எண்ணெய்ல ஒரு பொறி பட்டாப் போதும்."

கதவு மூடியதும் காற்று ஏறும் இரைச்சல். அறை சூடாகிறது, அழுத்தினால் காற்று சூடாகும் என்பது பள்ளியில் படித்ததுதான், நெற்றி வியர்க்கும்போதுதான் நம்ப முடிகிறது. அடுத்து காது. மலையேறும் பஸ்ஸில் அடைப்பதைவிடப் பல மடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுங்கள், எச்சில் விழுங்குங்கள், வலித்தால் உடனே கையைத் தூக்குங்கள் என்று முதலிலேயே சொல்லித்தந்திருந்தார்கள். சித்தி கையைத் தூக்கினார். ஆபரேட்டர் அழுத்தத்தை அப்படியே நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, காது திறந்த பிறகு மறுபடி ஏற்றினார். இந்தச் சிகிச்சையில் அதிகம் பேருக்கு வரும் சிக்கலே நடுக்காதுக் காயம்தான். நோயாளி கையைத் தூக்கினால் நிறுத்துகிற ஆபரேட்டர் இருக்கிறாரா என்பதை வைத்தே ஓர் இடத்தை எடைபோடலாம் என்பது என் எண்ணம்.

2.4 மடங்கு அழுத்தம் என்றால் கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். அந்த ஆழத்தில் உட்கார்ந்து எதிரே இருந்தவர்களைப் பார்த்தேன். கால் புண்ணோடு ஒரு பெரியவர். தாடையில் கதிர்வீச்சு எடுத்த ஒரு பெண்மணி. எல்லோர் முகத்திலும் மாஸ்க். அவ்வப்போது ஐந்து நிமிடம் மாஸ்க்கைக் கழற்றி வெறும் காற்றைச் சுவாசிக்கச் சொல்வார்கள். ஆக்சிஜனும் அளவு மீறினால் விஷம்தான். அழுத்தமான ஆக்சிஜன் வலிப்பு வரவைக்கும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878-இல் காட்டியது இன்றும் இந்த இடைவெளிகளில் வாழ்கிறது. இறங்கும்போது அறை குளிர்ந்து லேசாகப் பனிமூட்டம் போட்டது. அப்போது எனக்கும் ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். அதுவரை நான் சுவாசித்தது சாதாரணக் காற்று. அதிலுள்ள நைட்ரஜன் என் ரத்தத்தில் கூடுதலாகக் கரைந்திருக்கும், அது குமிழியாகாமல் வெளியேற வேண்டும். இதையும் அந்த ஆபரேட்டர்தான் விளக்கினார். இப்படிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் இடத்தில் பயம் பாதி போய்விடுகிறது.

இனி இந்த விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிற கேள்விக்கு வருகிறேன். அறைக்குள் போய் வந்தவர்களுக்கு வலி குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். குறைத்தது எது?

ஃபைப்ரோமயால்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்கப் பரவிய வலி, தூங்கினாலும் தீராத களைப்பு, வழக்கமான ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பெண்களுக்கே அதிகம் வருவதால் "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதற்கும் 2004-இல் துருக்கியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: 50 பேர், 15 அமர்வுகள், நல்ல பலன். பிறகு 2015-இல் இஸ்ரேலில் ஷாய் எஃப்ராட்டி குழுவினர் அசாஃப் ஹரோஃபே மருத்துவமனையில் செய்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 60 பெண்கள். இரண்டு மடங்கு அழுத்தம், 90 நிமிடம், வாரம் ஐந்து நாள், மொத்தம் 40 அமர்வுகள். பாதிப் பேர் உடனே தொடங்கினார்கள். மீதிப் பேர் இரண்டு மாதம் காத்திருந்து பிறகு தொடங்கினார்கள். காத்திருந்த காலத்தில் அவர்களுக்கு முன்னேற்றம் இல்லை, அறைக்குள் போன பிறகு வந்தது. மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பின்பகுதியின் மிகை இயக்கம் தணிந்து, மந்தமாக இருந்த முன்பகுதியின் இயக்கம் கூடியிருந்தது. வலி மூளையில் எங்கே குடியிருக்கிறது என்பதைப் படம் பிடித்த மாதிரி. 2023-இல் அதே இஸ்ரேலில், தலையில் அடிபட்ட பிறகு ஃபைப்ரோமயால்ஜியா வந்தவர்களை வைத்து இன்னொரு ஆய்வு: ஒரு தரப்புக்கு 60 அமர்வுகள் ஆக்சிஜன், மறு தரப்புக்கு வழக்கமான மருந்துகள். ஆக்சிஜன் தரப்புக்கே வலி அதிகம் குறைந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இஸ்ரேலின் இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் தான் எதைப் பெறுகிறோம் என்று தெரியும். ஆக்சிஜனுக்குப் பதில் வெறும் காற்று கொடுத்து ஒப்பிடும் போலி அறை கிடையாது. இது சின்னக் குறை இல்லை. நாற்பது முறை, ஒரே நேரத்துக்கு எழுந்து, குளித்து, கிளம்பி, தன் வலியை நம்புகிற மனிதர்கள் இருக்கிற இடத்துக்குப் போய், ஒன்றரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பது என்பதே ஒரு சிகிச்சை. பல வருடம் "உனக்கு ஒண்ணுமில்ல" என்று கேட்டே பழகிய ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய மருந்து!

அமெரிக்க ராணுவம் இதைக் கறாராகச் சோதித்துப் பார்த்தது. வலி நோயில் இல்லை, தலையில் லேசாக அடிபட்டு, தலைவலி, தூக்கமின்மை, நினைவுக் குழப்பம் என்று மீளாமல் தவித்த படைவீரர்களிடம். 72 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டாவது பிரிவுக்கு 1.5 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன். மூன்றாவது பிரிவுக்கு அதே அறையில் 1.2 மடங்கு அழுத்தத்தில் வெறும் காற்று. காது அடைக்கும், நிஜம் போலவே இருக்கும். 2015-இல் முடிவு வந்தது. அறைக்குள் போன இரண்டு பிரிவுகளும் தேறின. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆனால் ஆக்சிஜன் பிரிவுக்கும் காற்றுப் பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த முடிவை நான் பல முறை திரும்பப் படித்தேன். 1.2 மடங்கு அழுத்தக் காற்றும் சும்மா இல்லை, அதுவும் ஒரு குறைந்த அளவு மருந்துதான் என்று இந்தச் சிகிச்சையை ஆதரிப்பவர்கள் வாதாடுகிறார்கள். என்னால் அதை முழுக்க ஏற்க முடியவில்லை. அப்படியே இருந்தாலும், குறைந்த செலவில் கிடைக்கிற அந்தக் குறைந்த அளவே போதுமே, லட்சக்கணக்கில் எதற்கு?

யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சடங்கால் குறைந்த வலியும் குறைந்த வலிதான். அந்த வீரர்கள் தேறியது நிஜம். ஆனால் ஒரு அமர்வுக்குச் சில ஆயிரம் ரூபாய் வீதம் நாற்பது அமர்வுக்கு நகையை அடகு வைக்கப்போகிற குடும்பத்துக்கு, பலன் ஆக்சிஜனால் வருகிறதா, கவனிப்பால் வருகிறதா என்று தெரிந்தே ஆக வேண்டும். கவனிப்பால்தான் என்றால் அதை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டும் பொறுமையான மருத்துவரும் தர முடியும்.

கதிர்வீச்சுக்குப் பிந்தைய வலியில் நிலைமை இதைவிடத் தெளிவு, ஏனென்றால் அங்கே திசுவில் ரத்தக்குழாய்கள் கண்கூடாக அழிந்திருக்கின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து நாள்பட்ட வலியும் இறுக்கமும் வந்த பெண்களிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. சிகிச்சையை முடித்தவர்களுக்கு வலியும் இறுக்கமும் குறைந்தன. ஆனால் அதில் என்னைத் தொட்டது வேறொரு எண்: சிகிச்சை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கப்பட்ட 125 பெண்களில் சம்மதித்து முடித்தவர்கள் 31 பேர்தான். மற்றவர்களில் பலர் சொன்ன காரணம், இவ்வளவு கடுமையான கால அட்டவணைக்குத் தங்களால் ஈடுகொடுக்க முடியாது என்பது. நல்ல காப்பீடும் போக்குவரத்தும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வந்துபோக வேண்டிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

சரி, சான்று பார்க்காமல் ஓடினால் என்னவாகும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் அழுத்தக் காற்றால் சர்க்கரை நோய், மேக நோய், புற்றுநோய் எல்லாம் குணமாகும் என்று நம்பினார். ஒருவரைக் குணப்படுத்தியதற்கு நன்றியாக, ஹென்றி டிம்கன் என்ற தொழிலதிபர் பணம் கொடுக்க, 1928-இல் கிளீவ்லாந்தில் 64 அடி விட்டத்தில், ஐந்து மாடியில், உருண்டையான இரும்பு மருத்துவமனையே எழுந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் திரும்பத் திரும்பச் சான்று கேட்டது. அவரால் கொடுக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் அது மருத்துவமனையாக இல்லாமல் போனது. 1942-இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று உடைத்துவிட்டார்கள். அவர் பயன்படுத்தியது ஆக்சிஜன்கூட இல்லை, அழுத்தப்பட்ட வெறும் காற்று.

இன்று அதே வெறும் காற்று, ஜிப் வைத்த மென்மையான பைகளாக வீடுகளுக்கும் அழகு நிலையங்களுக்கும் வந்திருக்கிறது. இவற்றின் அழுத்தம் பெரும்பாலும் 1.3 மடங்கு. கணக்குப் போட்டால், அதற்குள் காற்றைச் சுவாசிப்பது வெளியே 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆஸ்பத்திரியில் சாதாரண மாஸ்க் மாட்டினாலே அதைவிட அதிகம் கிடைக்கும். இத்தகைய பைகள் உயரமான மலைகளில் மூச்சுத்திணறும் ஏறுபவர்களைக் காப்பாற்ற வந்தவை. அங்கே அவை உயிர் காக்கின்றன. மணிக்கட்டு ஆய்விலோ ஃபைப்ரோமயால்ஜியா ஆய்விலோ பயன்படுத்திய அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லி இந்தப் பையை விற்பது அநியாயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே, இந்தச் சிகிச்சைக்குச் சொல்லப்படும் பல பயன்களுக்கு அனுமதி இல்லை என்று மக்களை எச்சரித்துவிட்டது.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1997 அக்டோபர் 31 அன்று மிலான் நகரின் கலியாட்ஸி மருத்துவமனையில் அழுத்த அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஒரு நோயாளி குளிருக்குக் கொண்டுபோன, கையைச் சூடாக்கும் ஒரு சின்னக் கருவிதான் காரணம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு தனியார் மையத்தின் அறைக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுக் குழந்தை இறந்தது. இதைப் படித்த பிறகு, சித்தியின் ரவிக்கையில் சேஃப்டி பின் இருக்கிறதா என்று நர்ஸ் தினமும் தடவிப் பார்த்ததை நினைத்து அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சித்தியின் கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வீக்கம் வடிந்தது, நன்றாகவே வடிந்தது. மோதிர விரல் உள்ளங்கையைத் தொடுகிறது. முந்தானை பட்டால் துள்ளுவதில்லை. குளிர் காலத்தில் எரிச்சல் திரும்ப வருகிறது. சப்பாத்தி மாவு பிசைய இன்னும் முடியவில்லை. பிசியோ அதே மாதங்களில் விடாமல் நடந்தது, மாத்திரையும் தொடர்ந்தது, சி.ஆர்.பி.எஸ். பலருக்கு முதல் வருடத்தில் தானாகவும் தணியும். ஆகவே ஆக்சிஜன்தான் காரணம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சித்தி சொல்கிறார், அது அவர் உரிமை. பக்க விளைவாக, தூரப் பார்வை கொஞ்ச காலம் மங்கியது. டிவி எழுத்து தெரியவில்லை என்றார். இது நீண்ட சிகிச்சையில் வரக்கூடியதுதான், சில வாரங்களில் சரியாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதுபோலவே சரியானது.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் இப்படிச் சொல்கிறேன். அடிபட்ட கையிலோ காலிலோ சி.ஆர்.பி.எஸ். என்று உறுதியாகி, பிசியோவாலும் மருந்தாலும் வந்த முன்னேற்றம் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால், உங்கள் வலி மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். துருக்கி ஆய்வு சிறியதுதான், ஆனால் நேர்மையாகச் செய்யப்பட்டது. கதிர்வீச்சுக்குப் பிந்தைய வலி என்றால் தயங்காமல் கேளுங்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்றால், கடன் வாங்காமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், இதை விட்டுவிட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நல்ல போலி அறையோடு பெரிய ஆய்வுகள் வர வேண்டியிருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஓர் ஆய்வைச் செய்யலாம், நோயாளிகளுக்கும் அறைகளுக்கும் பஞ்சமில்லை. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க என்று விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வரும் கடும் தலைவலிக்கு அறையே தேவையில்லை. 2009-இல் லண்டனில் செய்த சோதனையில், நிமிடத்துக்கு 12 லிட்டர் ஆக்சிஜனை மாஸ்க்கில் 15 நிமிடம் கொடுத்தபோது 78 சதவீதத் தாக்குதல்கள் தணிந்தன, வெறும் காற்றில் 20 சதவீதம்தான்.

போகிற இடத்தில் கேளுங்கள்: எத்தனை மடங்கு அழுத்தம்? உள்ளே காற்றா, ஆக்சிஜனா? சிகிச்சை நடக்கும்போது டாக்டர் கட்டடத்தில் இருப்பாரா? காது வலித்தால் யார் நிறுத்துவார்? நுரையீரலில் காற்றுக் கசிவு இருந்தால் இந்த அறைக்குள் போகவே கூடாது. மார்பு எக்ஸ்ரே கேட்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்பு எடுத்த புற்றுநோய் மருந்துகளின் சீட்டை மறக்காமல் காட்டுங்கள், சிலவற்றோடு இது ஒத்துப்போகாது. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் போகாதீர்கள். உள்ளே சர்க்கரை இறங்கக்கூடும், அறைக்குள் போவதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கை வலியென்றால், அறையிலிருந்து வெளியே வந்த கையோடு பிசியோவுக்குப் போக நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வீக்கம் குறைந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் சித்தியின் விரல்கள் மற்ற நேரத்தைவிட அதிகம் மடங்கின.